புதிய வாக்காளரும் நமது சங்கங்களும்

கிளென்மார்கன் நீர்த்தேக்கத்தை முதன்முறை காண்போருக்கு அது தேயிலைத் தோட்டங்களின் நடுவே கிடக்கும் ஓர் அமைதியான ஏரியாகவே தோன்றும். ஆனால் பைக்காரா ஆற்றின் நீர் இங்கே வந்து தேங்கி, இங்கிருந்துதான் மலைச்சரிவில் குழாய்களின் வழியே சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்குகிறது. 1932-ஆம் ஆண்டு முதல் அந்த நீர் தந்த மின்சாரம், கோயம்புத்தூர் வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகப் பெருந்துணையாய் இருந்தது. மலையில் கொழுந்து பறிப்பவரும் சமவெளியில் தறி ஓட்டுபவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே நீரால் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள். விவசாயிகளுக்கும் நெசவாளர்களுக்கும் பொதுவான இந்த இதழில், ஒரு மலைக் கிராமத்தின் குறையை எடுத்துச் சொல்ல நாம் முற்படுவதற்கு இந்த உறவே போதிய காரணமாகும்.

நீர் இறங்கிய வழியே இன்று நமது பிள்ளைகளும் இறங்குகிறார்கள். பச்சைத் தேயிலையின் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தில் எல்லாரும் அதையே நம்பி இருக்க முடிவதில்லை. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, கோயம்புத்தூர் மில்லுக்கோ, கல்லூரி விடுதிக்கோ போய்விடுகிறது. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மலையை விட்டு இறங்கும் பிள்ளை, தன் குடியுரிமையின் முதல் அடையாளத்தையும் வழியில் எங்கோ தவறவிட்டுச் செல்கிறது என்பதே நமது கவலை.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி, தமிழ்நாடு முழுவதும் ஒரே நாளில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப் பதிவு நடந்தது. நாம் நன்கு அறிந்த ஓர் இளைஞர், வயது பத்தொன்பது, முன்னிரவில் திருப்பூரில் பஸ் ஏறி, விடியற்காலையில் உதகை வந்து, அங்கிருந்து முதல் பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தார். குளித்து, சலவைச் சட்டை உடுத்தி, தாயாருடன் வாக்குச் சாவடிக்குச் சென்றார். தாயாரின் பெயர் இருந்தது. பிள்ளையின் பெயர் இல்லை. “ஆதார் அட்டை இருக்கிறதே, ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதே” என்று அவர் கேட்டார். அங்கிருந்த அலுவலர் அன்பாகவே பதில் சொன்னார்: “தம்பி, பட்டியலில் பெயர் வேண்டும். நீங்கள் விண்ணப்பமே கொடுக்கவில்லையே.” தாயார் விரலில் மையுடனும், பிள்ளை வெறும் விரலுடனும் வீடு திரும்பினார்கள்.

இதில் யாரைக் குறை கூறுவது? அலுவலரை அல்ல; அவர் சட்டப்படி நடந்தார். இளைஞரையும் அல்ல, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய தந்தையார் நமது சங்கத்தில் இருபது ஆண்டுகளாக அங்கத்தினர். உரக் கடன் விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்த நாம், அவர் மகனுக்கு வாக்காளர் விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. குறை நம்முடையது. அந்தக் குறையை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தானாக வராத உரிமை

பதினெட்டு வயது நிரம்பியதும் வாக்குரிமை தானாகவே வந்துவிடுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உரிமை வந்துவிடுகிறது என்பது உண்மை, பெயர் வந்துவிடுவதில்லை. விளைந்த கொழுந்து தானாகத் தராசில் ஏறாதது போல, பெயரும் கேட்டுப் பதியாமல் பட்டியலில் ஏறாது. 2024-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நாடெங்கும் 18, 19 வயதினருள் சுமார் 1.8 கோடிப் பேர் பட்டியலில் இருந்தனர். பெருந்தொகையாகத் தோன்றினாலும், மக்கள்தொகைக் கணிப்போடு ஒப்பிட்டால் அவ்வயதினரில் பத்துக்கு நான்கு பேர்கூடப் பதிந்துகொள்ளவில்லை என்றே ஆகிறது.

இந்த உரிமை எளிதில் வந்ததன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலை முறையையும் நாம் பெருமையுடன் பேசுகிறோம், பேசவேண்டியதே. ஆயினும் பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் எழுந்த அந்த விதிகளின்படி, ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலியேனும் இறை செலுத்தும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேதக் கல்வி வேண்டும். கூலிக்கு உழைத்தவர் பெயர் அந்தக் குடத்தில் விழுந்ததில்லை. வெள்ளையர் ஆட்சியிலும் வரி கட்டுவோர், சொத்துள்ளோர், படித்தோர் என்ற வரம்புக்குள்ளேயே வாக்குரிமை நின்றது. 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில்தான், உழுபவர், நெய்பவர், கொழுந்து பறிப்பவர் ஆகிய அனைவரும் சொத்தும் படிப்பும் கேட்கப்படாமல் வாக்காளராயினர். அப்போது பட்டியலில் ஏறியவர்கள் சுமார் 17 கோடிப் பேர்.

அந்த முதற் பட்டியலிலேயே ஒரு பாடமும் உண்டு. வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே சொன்னார்கள். தேர்தல் கமிஷனராக இருந்த சுகுமார் சென், பெயரின்றிப் பட்டியலில் இடமில்லை என்று உறுதியாக நின்றார். அதனால் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. பெயர் சொல்லாததால் இழந்த வாக்குகள் அவை. இன்று நமது பிள்ளைகள் பெயர் சொல்ல வெட்கப்படுவதில்லை. ஆனால் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விளைவு ஒன்றே.

வாக்களிக்கும் வயதும் முதலில் 21 ஆகத்தான் இருந்தது. அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகே அது 18 ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் முதன்முறை வாக்களித்த பதினெட்டு வயதினர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றியே இப்போது பேசுகிறோம்.

கடல் கடந்து வந்த நினைவு

நீலகிரியில் வாக்குரிமையைப் பற்றிப் பேசும்போது, வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடியாத ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இம்மலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களில் பல, இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தவை. அங்கே 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்தார்கள்; அவர்களுடைய இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. மறு ஆண்டிலேயே, 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகக் காப்பியும் தேயிலையும் விளைவித்த மக்கள் குடியுரிமையும் இழந்தார்கள், வாக்கும் இழந்தார்கள். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

வாக்கு இல்லாத மக்களுக்கு என்ன நேரும் என்பதை அதன் பின்பு நிகழ்ந்தவை காட்டின. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் முடிவாயிற்று. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மூட்டைகளைப் பங்கிடுவது போல மனிதர்கள் பங்கிடப்பட்டார்கள். வாக்குச் சீட்டு இருந்திருந்தால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்க யாராவது வந்திருப்பார்கள். அப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அந்தத் தோட்டங்களே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின.

அந்தத் தலைமுறையில் எஞ்சியிருக்கும் பாட்டிமார்கள் இன்றும் நமது லைன் வீடுகளில் இருக்கிறார்கள். தேர்தல் நாளன்று முதல் வரிசையில் நிற்பவர்கள் அவர்களே. மழையானாலும் பனியானாலும், நடக்க முடியாவிட்டால் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டும் வருகிறார்கள். அந்தத் தோளுக்குரிய பேரனுக்கே பட்டியலில் பெயர் இல்லையென்றால், அதைவிட வருந்தத்தக்கது எது? பாட்டியிடமிருந்து பிறர் பறித்ததை, பேரன் தானே கை நழுவ விடலாமா?

ஆளுக்கு ஒரு வாக்கு

‘சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கூட்டுறவில் அரசியல் புகக் கூடாதல்லவா?’ என்று சில அங்கத்தினர்கள் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானது. கட்சி அரசியல் சங்கத்துக்குள் புகுந்த இடங்களில் சங்கம் எப்படிச் சீர்குலைந்தது என்பதை நாம் அறியாதவர்கள் அல்ல. ஆனால் ஒருவரைப் பட்டியலில் சேர உதவுவது வேறு; அவர் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்வது வேறு. முன்னது குடிமக்களின் கடமை. பின்னது சங்கத்தின் வேலையே அன்று.

கூட்டுறவு இயக்கம் உலகுக்குத் தந்த முதற் பாடம் ‘ஆளுக்கு ஒரு வாக்கு’ என்பது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர்கள் ஒரு சிறு பண்டகசாலையைத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் நம்மைப் போல நெசவாளர்கள். அக்காலத்தில் அந்நாட்டு உழைப்பாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. நகரத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு அது கிடைத்ததே 1867-இல்தான். ஆயினும் தங்கள் சங்கத்தில் அவர்கள், பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்று வகுத்தார்கள். பெண்களும் அங்கத்தினராகி வாக்களித்தார்கள். நாடு தர மறுத்ததைச் சங்கம் தந்தது. இன்று நமது நாடு தந்திருப்பதைப் பெறுவதற்குச் சங்கம் துணை நிற்கக் கூடாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சைத் தேயிலைக்கு ஆதரவு விலை, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் நிலை, நூல் விலை, கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்கள், மலைப் பாதைக்குப் பஸ் எத்தனை முறை, நோயாளியை உதகைக்குக் கொண்டுசெல்ல வண்டி எப்போது என்பன போன்றவற்றையெல்லாம் தீர்மானிக்கும் மன்றங்களுக்கு வாக்குக் கேட்டு வருவோர், தொகுதிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். ஒரு லைனில் நாற்பது இளைஞர்கள் இருந்தும் ஐந்து பெயர்தான் பட்டியலில் இருக்குமானால், வருபவர் கண்ணுக்கு அங்கே ஐந்து பேர்தான் தெரிவார்கள்.

செய்ய வேண்டியவை

இனி, செய்முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். நமது அங்கத்தினர்கள் இதைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, வயது. முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒரே ஒரு தகுதி நாள்தான். ஜனவரி 1 அன்று 18 நிரம்பியிருக்க வேண்டும். ஜனவரி 2-இல் பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. 2021-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் வந்துவிட்டன. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் இடம் உண்டு. 18 நிரம்பியதும் உரிய காலாண்டில் அது பரிசீலிக்கப்படும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போதே, பிள்ளை வீட்டில் இருக்கும்போதே, இதைச் செய்துவிடலாம். மலையை விட்டு இறங்கிய பிறகு செய்வதைவிட அது எளிது.

இரண்டாவது, விண்ணப்பம். புதிதாகச் சேருவோருக்கு உரியது படிவம் 6. முகவரி மாற்றம், பெயர்ப் பிழை திருத்தம், அடையாள அட்டை தொலைந்தால் வேறு பெறுதல் ஆகியவற்றுக்குப் படிவம் 8. ஒவ்வொரு வாக்குச் சாவடிக்கும் ஒரு நிலை அலுவலர் இருக்கிறார். அவரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கொடுக்கலாம். கைபேசி மூலமும் அனுப்பலாம். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுதல் மிக அவசியம். தராசில் நிறுத்த கொழுந்துக்குச் சீட்டு வாங்காமல் நாம் வீடு திரும்புவதில்லை அல்லவா?

மூன்றாவது, ஆதாரம். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழோ, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ, ஆதாரோ போதும். இருப்பிடத்துக்குத்தான் நம்மவர் திண்டாடுகிறார்கள். லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம்; மின் இணைப்பும் தோட்டத்தின் பெயரில்; நிலப் பட்டா கிடையாது; வாடகைப் பத்திரமும் கிடையாது. இதைக் கண்டு அஞ்ச வேண்டாம். வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகமும் இருப்பிடச் சான்றாக ஏற்கப்படுகிறது. அதே முகவரியில் ஏற்கெனவே பட்டியலில் உள்ள தாய் அல்லது தந்தையின் பெயரிலுள்ள சான்றையும் கொடுக்கலாம். எதுவுமே இல்லையென்றால், அலுவலர் நேரில் வந்து விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதே விதி. ‘பேப்பர் இல்லை, போ’ என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது.

நான்காவது, எந்த ஊரில் சேருவது? நமது வாலிபர்கள் மிகவும் குழம்புவது இங்கேதான். சட்டம் கேட்பது ஒருவர் ‘சாதாரணமாக வசிக்கும்’ இடத்தை. வீடும் உறவும் மலையில் இருக்க, வேலை மட்டும் திருப்பூரில் என்று ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கியிருப்பவர், திருப்பூரில் சேருவதே முறை. பலருக்கு இது கசக்கும். “எங்கள் ஊர் ஓட்டை நாங்கள் ஏன் விடவேண்டும்?” என்கிறார்கள். அந்தப் பாசம் போற்றத்தக்கதே. ஆனால் பெயரை மலையில் வைத்துக்கொண்டு, தேர்தல்தோறும் வர முடியாமல் போவதால் ஊருக்கு என்ன பயன்? சீசன் காலமாகிய ஏப்ரலில் தேர்தல் வந்தால் பஸ்ஸில் இடமும் கிடைப்பதில்லை. தங்கியிருக்கும் ஊரில் பதிந்துகொண்டு அங்குள்ள தொழிலாளர் குறைகளுக்குக் குரல் கொடுப்பதும் நாட்டுப் பணியே. கல்லூரி விடுதியில் இருப்போர் மட்டும், கல்லூரித் தலைவரின் சான்றிதழுடன் விடுதி முகவரியிலோ, பெற்றோர் வீட்டு முகவரியிலோ, இரண்டில் ஒன்றில் சேரலாம். எப்படியானாலும் இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கக் கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு.

ஐந்தாவது, ஒருமுறை சேர்ந்தால் போதும் என்று இருந்துவிடுதல் ஆகாது. 2025-ஆம் ஆண்டு இறுதியில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடைபெற்றது. டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றுள் 66 லட்சத்துக்கு மேற்பட்டவை, முகவரி மாறிச் சென்றவர் அல்லது அந்த முகவரியில் காணப்படாதவர் என்ற காரணத்தால் விடப்பட்டவை. இறந்தோர் பெயரும் இரட்டைப் பதிவும் நீங்க வேண்டியவையே. ஆனால் வேலை தேடி ஊர் மாறுவோர் எவ்வளவு எளிதில் பட்டியலுக்கு வெளியே போய்விடக் கூடும் என்பதை இந்தக் கணக்கு நமக்கு உணர்த்துகிறது. விசாரிக்க வந்த நாளில் வீடு பூட்டியிருந்தால் போதும். ஆகவே ஒவ்வொரு வரைவுப் பட்டியலிலும் நம் வீட்டுப் பெயர்களை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். பதினெட்டில் பெயர் சேர்த்து, இருபத்திரண்டில் மணமாகி வேறு ஊர் செல்லும் பெண்ணின் பெயர் பிறந்த ஊரில் நீக்கப்படுகிறது; புகுந்த ஊரில் சேர்க்கப்படாமல் நிற்கிறது. ரேஷன் கார்டில் மருமகளைச் சேர்ப்பதற்குக் காட்டும் அவசரத்தில் பாதியையேனும் இதற்கும் மாமியார்மார்கள் காட்டவேண்டும் என்பது நமது வேண்டுகோள்.

தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. வேட்புமனுத் தாக்கலுக்குரிய கடைசி நாளுக்குப் பின் புதுப் பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. விசாரணைக்கும் நாட்கள் வேண்டும். மழை வருமுன் கூரை வேய்வதே மலைவாசிக்கு அழகு.

வாக்குப் பதிவு நாளில்

அடையாள அட்டை இருந்தாலும் பெயர் பட்டியலில் இருந்தாலன்றி வாக்களிக்க முடியாது. பெயர் பட்டியலில் இருந்து அட்டை கைவசம் இல்லாவிட்டால், ஆதார், ஓட்டுநர் உரிமம், புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் போன்ற வேறு சான்று காட்டி வாக்களிக்கலாம். இந்த வேறுபாட்டைப் புதியவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

கூலி போய்விடுமே என்று தயங்குவோர் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு, வாக்காளராகிய தொழிலாளிக்கு அன்றைய தினம் ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டும் என்று கூறுகிறது. விடுமுறை நாளில் வழக்கமாகக் கூலி இல்லாத தினக்கூலிக்காரருக்கும் அன்றைய கூலி உண்டு. அவர் இல்லாவிட்டால் ஆபத்தோ பெருநஷ்டமோ நேரக்கூடிய வேலைகளுக்கு மட்டுமே விலக்கு. இதைக் கேட்டுப் பெறுவது சலுகையன்று, உரிமை.

சாவடிக்குள் என்ன நடக்கும் என்று அறியாத கூச்சமே பல இளைஞர்களைத் தடுக்கிறது. நடப்பது இவ்வளவே. முதல் அலுவலர் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பார். இரண்டாமவர் இடக்கை ஆள்காட்டி விரலில் மையிட்டு, பதிவேட்டில் கையொப்பம் பெற்றுச் சீட்டுத் தருவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தை இயங்கச் செய்வார். மறைவிடத்தில் நாம் விரும்பும் சின்னத்தின் அருகிலுள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி வழியே அச்சிட்ட சீட்டு ஏழு விநாடி தெரியும், ஒலி கேட்கும், முடிந்தது. எவரையும் விரும்பாதவருக்கும் 2013 முதல் ஒரு பொத்தான் உண்டு. நம் பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்துவிட்டிருந்தால் பேசாமல் திரும்ப வேண்டாம். நாம் இன்னார் என்று மெய்ப்பித்தால் தனிச் சீட்டில் வாக்களிக்கச் சட்டம் இடமளிக்கிறது. நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர் அனைவருக்கும் வாக்களிக்க வாய்ப்பு உண்டு. யாருக்கு வாக்களித்தோம் என்பதை வெளியில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தந்தைக்கும் இல்லை, மேஸ்திரிக்கும் இல்லை, சங்கத் தலைவருக்கும் இல்லை.

விரலில் இடும் அந்த மை நமக்கு அண்டையிலிருந்தே வருகிறது. 1962 முதல் மைசூரிலுள்ள அரசுத் தொழிற்சாலை அதைச் செய்து நாடெங்கும் அனுப்புகிறது. கூடலூர் இறங்கிச் சென்றால் எட்டும் ஊரின் மை, நம் பிள்ளைகளின் விரலுக்கு எட்டாமல் போகலாமா?

‘என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?’ என்போருக்கும் அண்டையிலிருந்தே விடை உண்டு. நீலகிரியை அடுத்த சாமராஜநகர் மாவட்டத்தில், சந்தேமரஹள்ளித் தொகுதியில், 2004-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது ஒரே ஒரு வாக்கு. தூரத்தைச் சொல்லித் தட்டிக் கழிப்போருக்கு இமயமலையிலிருந்து விடை உண்டு. கின்னௌர் மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர் சியாம் சரண் நேகி, பனி மூடுமுன் அங்கு முன்கூட்டியே நடந்த வாக்குப் பதிவில் 1951 அக்டோபர் 25-இல் வாக்களித்தார். நூறு வயதைக் கடந்து, 2022 நவம்பரில் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு வரை அவர் தம் வாக்கைத் தவறவிடவில்லை.

சங்கங்களுக்கு ஒரு யோசனை

நமது யோசனை எளியது. ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு தகுதி நாளுக்கும் முந்திய மாதத்தில், சங்க அலுவலகத்திலோ கொழுந்து நிறுக்கும் இடத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென ஒதுக்க வேண்டும். அங்கத்தினர் குடும்பங்களில் பதினேழு வயதைக் கடந்தவர்களின் பெயரைக் காரியதரிசி ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். எழுதத் தெரிந்த இரு இளைஞர்கள் படிவம் நிரப்ப உதவட்டும். வாக்குச் சாவடி நிலை அலுவலரை அன்று வரும்படி கேட்டுக்கொள்ளலாம். தோடர் மந்துகளுக்கும் படுகர் ஹட்டிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் வேற்றுமையின்றி இச்செய்தி போக வேண்டும். அங்கத்தினர் அல்லாத குடும்பமானாலும் திருப்பி அனுப்பக் கூடாது. சமவெளியிலுள்ள நெசவாளர் சங்கங்கள், தங்கள் ஊரில் தங்கி வேலை செய்யும் மலைப் பிள்ளைகளுக்கு இதே உதவியைச் செய்யுமானால், அது ஒரு சங்கம் மற்றொரு சங்கத்துக்குச் செய்யும் உதவிகளில் தலையாயது ஆகும்.

ஆனால் நான்கு கட்டுப்பாடுகளை நாம் வற்புறுத்துகிறோம். அன்று அங்கே கட்சிக் கொடியோ, கட்சிப் பேச்சோ, வேட்பாளரோ இருத்தல் கூடாது. உதவிக்கு ஒரு காசும் வாங்குதல் கூடாது. பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களைச் சங்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. கடனையோ, பாக்கியையோ காட்டி யாரையும் வற்புறுத்தக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் இந்தப் பணியை மேற்கொள்ளாதிருப்பதே நலம்.

இச்செலவு ஒரு சங்கத்துக்குச் சில தேநீர்க் குவளைகளுக்கு மேல் ஆகாது; தேநீருக்கு நம்மிடம் பஞ்சமும் இல்லை.

அந்த இளைஞரைப் பற்றிச் சொல்லி முடிப்போம். திருப்பூரிலேயே தங்கியிருந்த அவர், சென்ற ஆண்டு அங்கேயே விண்ணப்பம் கொடுத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டார். பொங்கலுக்கு ஊர் வந்தபோது அட்டையைத் தாயாரிடம் காட்டினார். தாயாருக்குச் சிறிது வருத்தம். மகனின் ஓட்டு இனி இந்த ஊரில் இல்லையே என்று. பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எந்த ஊரானால் என்ன, பேர் இருக்கிறதல்லவா” என்றார்.

அவ்வளவே நாமும் வேண்டுவது. எந்த ஊரானாலும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் இருக்க வேண்டும். அடுத்த தகுதி நாளுக்கு முன்பு, நமது சங்கங்களில் ஒரு நோட்டேனும் திறக்கப்படும் என்று நம்புகிறோம்.